பசி வந்திடப் பத்தும் பறந்துபோமா? மாஸ்லோ முக்கோணம் பற்றி ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி | 3 ஜூன், காலை 7.12

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனிதத் தேவைகள் படிப்படியாக ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன என்று அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோ 1943-இல் சொன்னதை நம் ஔவையார் எப்போதோ நாலு வரியில் முடித்துவிட்டார். மானம், குலம், கல்வி என்று அடுக்கி, பத்தும் "பசிவந்திடப் போம் பறந்து" என்றார். வயிறு நிறையாதவனுக்கு மரியாதையும் வேண்டாம், பாசமும் வேண்டாம். அடிப்படி முழுக்க நிறைந்தால்தான் மனசு அடுத்த படியில் கால் வைக்கும். பள்ளிக்கூடத்தில் சோறு போட்டதும் பிள்ளைகள் வந்தார்களே, அதைவிடச் சாட்சி வேண்டுமா? மறுப்பவர் இருந்தால் வரலாம்.

3 ஜூன், இரவு 10.40

வந்துட்டேன்.

18 வருஷம் பி.எட். கல்லூரியில் அந்த முக்கோணத்தைக் கரும்பலகையில் போட்டவன் நான். அடியில் உடல், அதற்கு மேல் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, உச்சியில் தன்னிறைவு, அதாவது தன்னால் ஆக முடிந்ததாக முழுசாக ஆவது. அளவுகோல் வைத்து நேராகப் போடுவேன். ஆகவே இதைப் பாவசங்கீர்த்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்லோ அந்த முக்கோணத்தைப் போடவே இல்லை. 1943 கட்டுரையில் படமே கிடையாது. விளம்பரக் கம்பெனிக்காரர்கள் யாரோ பிற்பாடு போட்டது. படி முழுக்க நிறைந்தால்தான் அடுத்த படி என்பதையும் அவர் அதே கட்டுரையில் மறுத்திருக்கிறார். சராசரி மனிதனுக்கு உடல் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, உச்சித் தேவை 10 சதவீதம் நிறைந்திருக்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அதாவது எல்லாமே எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அரைகுறையாகத்தான் கிடக்கும். இந்த எண்களையும் எங்கிருந்தும் அளந்து எடுக்கவில்லை, உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம் என்று சொல்லித்தான் போடுகிறார். என் மாணவர் ஒருவர் வைத்திருந்த கைடில் அதே எண்கள் "ஆய்வு முடிவுகள்" என்ற தலைப்பின் கீழ் அச்சாகியிருந்தன. நானும் ஒரு வருஷம் அப்படியே நடத்தியிருக்கிறேன்.

ஔவையாரைக் கூட்டி வந்தீர்கள். நான் வள்ளுவரைக் கூட்டி வருகிறேன். "செவிக்குணவு இல்லாத போழ்து சிறிது வயிற்றுக்கும் ஈயப் படும்." கேட்க ஏதும் இல்லாத நேரத்தில், போனால் போகிறதென்று வயிற்றுக்கும் கொஞ்சம். முக்கோணம் தலைகீழ்.

4 ஜூன், காலை 6.55

ஒரு திருத்தம். "விளம்பரக் கம்பெனிக்காரர்கள்" என்று ராத்திரி வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். 2019-இல் மூன்று ஆய்வாளர்கள் பழைய மேலாண்மை இதழ்களைத் துருவி இதைத் தேடியிருக்கிறார்கள். சார்லஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசகர், 1960-இல் ஒரு வணிக இதழில், பணம் ஆட்களை எப்படி உந்துகிறது என்று எழுதிய கட்டுரையில்தான் பிரமிடு வருகிறது. தொழிலாளியிடம் குறைந்த செலவில் அதிக உழைப்பு வாங்குவது பற்றிய பேச்சு அது. மனித வளர்ச்சியின் சின்னம் என்று நாம் சார்ட் ஒட்டுவது இதைத்தான்.

5 ஜூன், இரவு 11.20

சத்துணவு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள். நானே அதில் சாட்சி.

1982 ஜூலையில் திட்டம் வந்தபோது நான் மூணாங்கிளாஸ். அப்பாவுக்கு மில் வேலை போயிருந்த வருஷம். காலையில் நீராகாரம், ராத்திரி ஏதாவது. மத்தியானம் ஒன்றும் கிடையாது. வீட்டிலிருந்து தட்டு கொண்டுபோனால் சாப்பாடு. அம்மா ஓர் அலுமினியத் தட்டைப் பையில் வைத்து அனுப்பினாள்.

முதல் நாளே எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், வசதியான வீடு, தட்டோடு வந்தவர்களை எல்லாம் "தட்டேந்தி" என்று கூப்பிட ஆரம்பித்தான். நாலு பேர் சிரித்தார்கள். நான் தட்டை வெளியிலேயே எடுக்கவில்லை. மணி அடித்ததும் அடிகுழாயில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். சாம்பார் வாசனை அங்கே வரைக்கும் வரும். அதுவும் புது அடுப்பு, புது அண்டா. ஒரு வாரத்துக்கு மேல் இப்படி ஓடியது. வீட்டுக்குப் போகும் வழியில் தட்டைக் கழுவி ஈரத்தோடு கொண்டுபோவேன், அம்மா பார்ப்பாள் என்று.

எட்டு வயசுப் பையன். வயிறு காய்கிறது. சோறு இருபது அடி தூரத்தில் இலவசமாக இருக்கிறது. மானம் பறந்துபோகவில்லையே ஐயா. சோறுதான் பறந்துபோனது.

ஆயாதான் கண்டுபிடித்தாள். அவள் ஒன்றும் விசாரிக்கவில்லை. "தண்ணி ஊத்த ஆளு பத்தலடா, செம்பை எடு" என்றாள். வரிசை முழுக்க ஊற்றி முடித்தேன். "தண்ணி ஊத்துறவன் சாப்பிடாம போனா எனக்குத்தான் திட்டு விழும், உக்காரு." உட்கார்ந்தேன். அன்றைக்குத் தின்றது போல் பிறகு எந்தக் கல்யாணத்திலும் தின்றதில்லை.

அந்த ஒரு தட்டுச் சோற்றில் முதல் படி எது, நாலாவது படி எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது.

6 ஜூன், மதியம் 1.15

ஒரு நண்பர் மடக்கியிருக்கிறார்: "ஒரு பையனின் வெட்கம் ஒரு கோட்பாட்டை உடைத்துவிடுமா? உங்களுக்கு ராத்திரி சோறு இருந்தது. அது பசியே இல்லை."

சரியான அடி. இரண்டு நாள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

8 ஜூன், காலை 5.50

யோசித்தேன். நண்பர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை.

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். 36 இளைஞர்கள், எல்லாரும் தாமாக வந்தவர்கள். 24 வாரம் அரைப்பட்டினி. உடல் எடையில் கால்வாசி போகும் அளவுக்குச் சாப்பாட்டைக் குறைத்தார்கள். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எப்படிச் சோறு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. வாரங்கள் போகப்போக அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். படிப்பு, பேச்சு, சிரிப்பு எல்லாம் சுருங்கின. பெண்கள் மேல் இருந்த ஆசையும் போனது. ஔவையார் பட்டியலில் பத்தாவதாக வருவது என்ன? "தேனின் கசிவந்த சொல்லியர்மேல் காமுறுதல்." கிழவி ஆய்வகம் இல்லாமலே எழுதிவிட்டாள். அந்த அளவுக்கு உங்கள் கட்சி ஜெயித்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த 36 பேர் யார்? போரில் ஆள் கொல்ல மாட்டோம், அது எங்கள் மனசாட்சிக்கு ஒவ்வாது என்று படையில் சேர மறுத்தவர்கள். துப்பாக்கி தூக்காமல் வேறு எந்த வழியிலாவது உதவுகிறோம் என்று பட்டினிக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். அவர்களைப் பசிக்குள் இறக்கியது எந்தப் படி? உச்சிப் படிதான். பசி வந்ததும் பத்தும் பறக்கலாம். பசியைத் தேடிப் போனவனிடம் ஏதோ ஒன்று பறக்காமல் இருந்திருக்கிறது.

(இன்னொன்று. 2011-இல் லூயி டேயும் எட் டீனரும் 123 நாட்டு மக்களின் கருத்துக்கணிப்பை வைத்துப் பார்த்தார்கள். மாஸ்லோ சொன்ன தேவைகள் அநேகமாக எல்லா நாட்டிலும் இருக்கின்றன, மனுசன் நன்றாக இருக்கிறானா என்பதோடு அவற்றுக்குத் தொடர்பும் இருக்கிறது. வரிசைதான் பெரிதாக நிற்கவில்லை. பசி தீராதவனும் நண்பர்களால் சந்தோஷப்படுகிறான். என் புளியமரத்துக்கு இது போதும்.)

9 ஜூன், இரவு 9.05

"தன்னிறைவு" என்றால் ஐ.ஏ.எஸ். ஆவது மாதிரியா என்று ஒருவர் கேட்கிறார். வார்த்தைதான் வம்பு. தன்னிறைவு என்றால் எனக்கே நெல் உற்பத்திதான் ஞாபகம் வருகிறது.

இந்தக் கருத்தை மாஸ்லோ எடுத்தது கர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற நரம்பியல் மருத்துவரிடமிருந்து. முதல் உலகப் போரில் மூளையில் அடிபட்ட சிப்பாய்களைப் பிராங்க்பர்ட்டில் வைத்துப் பார்த்தவர். மூளையில் ஒரு பகுதி போன பிறகும், மிச்சம் இருப்பதை வைத்து ஆள் முழுசாக இயங்கத்தான் பார்க்கிறான் என்று கண்டார். ஆக இதன் பிறப்பிடம் சாதனையாளர் மேடை இல்லை. ஊனமுற்றோர் வார்டு.

பிற்பாடு மாஸ்லோதான் லிங்கன், ஐன்ஸ்டைன், எலினார் ரூஸ்வெல்ட் என்று பெரிய மனிதர்களை வைத்துப் பட்டியல் போட்டுக் குழப்பினார். 3,000 கல்லூரி மாணவர்களைச் சலித்ததில் ஒரே ஒருத்தர்தான் தேறினார் என்று அவரே எழுதுகிறார். பிடித்தவர்களை முதலில் பொறுக்கிக்கொண்டு, பிறகு அவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்தால், தனக்குப் பிடித்ததுதான் கிடைக்கும். என் வகுப்பில் யாராவது இப்படி ஆய்வேடு கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன்.

ஆனால் அதே ஆள், கவிஞன் எழுதித்தான் ஆகணும், இசைக்கலைஞன் இசைத்துத்தான் ஆகணும் என்கிறபோது எனக்கு என் மாமா ஞாபகம். செங்கம் பக்கம் கூத்துக்காரர். விடிய விடிய துரியோதனன் வேஷம் கட்டிவிட்டு, அரிதாரம் காதோரம் ஒட்டியிருக்க, காலையில் கல் உடைக்கப் போவார். கூத்தில் கிடைப்பது பஸ் காசுக்கும் டீக்கும் சரியாகப் போகும். அத்தை ஒருமுறை கிரீடத்தை அடகு வைத்தாள். மாமா அட்டையில் இன்னொன்று செய்துகொண்டார்.

10 ஜூன், காலை 7.30

அத்தை பக்கம் பார்த்தால் அது வேற கதை என்று மனைவி சொல்கிறாள். "உங்க மாமா உச்சிக்குப் போக, கீழ்ப்படியை எல்லாம் தாங்கிப் பிடிச்சது யாரு?" பதில் இல்லை. மாஸ்லோவிடமும் இல்லை.

11 ஜூன், இரவு 8.45

வாட்ஸப் பார்வர்டு ஒன்றை இங்கே ஒட்டியிருக்கிறீர்கள், மாஸ்லோ கனடாப் பழங்குடிகளிடம் பிரமிடைத் திருடித் தலைகீழாகக் கவிழ்த்தார் என்று. திருடப் பிரமிடே அவரிடம் இல்லை என்பதை மேலே பார்த்தாயிற்று. ஆனால் போனது உண்மை. 1938 கோடையில், மானிடவியலாளர் ரூத் பெனடிக்ட் உந்த, ஆல்பர்ட்டாவில் சிக்சிகா பிளாக்ஃபுட் மக்களோடு சில வாரம் தங்கினார். அங்கே அவரை அசைத்தது கொடுக்கிற வழக்கம். வருஷம் முழுக்கச் சேர்த்ததைச் சூரிய நடன விழாவில் ஊரார் முன் வாரிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவன்தான் அங்கே பணக்காரன். கார் வைத்திருந்த ஒருவரிடம் யார் வேண்டுமானாலும் சாவி வாங்கிப் போனார்களாம். குரங்குகளில் எது எதை அடக்குகிறது என்று ஆய்வு செய்து பட்டம் வாங்கிய ஆளுக்கு இது புதுசாக இருந்திருக்கும்.

13 ஜூன், இரவு 10.10

மாஸ்லோவை விட்டுத் தள்ளுங்கள். அவர் சார்ந்த மனிதநேய உளவியலில் எனக்கு வேலைக்கு ஆனது கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். வேலைக்கு ஆகாமல் அசிங்கப்பட்டதும் அவரால்தான்.

கவுன்சலிங் என்பதற்கு எங்கள் பி.எட். தாளில் என்ன பெயர் தெரியுமா? "வழிகாட்டலும் அறிவுரை பகர்தலும்." ரோஜர்ஸ் வாழ்நாள் முழுக்க எதைச் செய்யாதே என்றாரோ, அதையே பெயராக வைத்திருக்கிறோம். வந்தவனுக்குப் புத்தி சொல்லாதே, வழி காட்டாதே, அவன் வழி அவனுக்குள் இருக்கிறது, நீ கூட இரு. அவ்வளவுதான் அவர் சொன்னது. 1957-இல் அதை நிபந்தனைகளாகவே எழுதினார். அவற்றில் பரீட்சைக்கு வருவது மூன்று. கேட்பவன் நடிக்கக்கூடாது. வந்தவனை நிபந்தனை போடாமல் ஏற்கவேண்டும். அவன் இடத்தில் நின்று பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

இலங்கையில் இதை உளவளத்துணை என்கிறார்கள். துணை! அறிவுரைக்கும் துணைக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். இங்கேயும் சிலர் ஆற்றுப்படுத்துதல் என்கிறார்கள். கேட்க அழகு. ஆனால் ஆற்றுப்படை என்ற சங்கப் பாட்டுகளில் பரிசு வாங்கி வந்த கூத்தன், வறுமையோடு எதிரே வருகிற கூத்தனிடம் "இந்த வழியாகப் போ, இன்ன மலை வரும், நன்னனைப் பார்" என்று அங்குலம் அங்குலமாக வழி சொல்வான். ரோஜர்ஸ் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். (மலைபடுகடாம் என்ற ஆற்றுப்படையில் வள்ளல் நன்னன் ஊரான செங்கண்மா, என் மாமா ஊரான செங்கம்தான். அவருக்கு எந்த நன்னனும் கிடைக்கவில்லை.)

14 ஜூன், காலை 6.20

அசிங்கப்பட்ட கதை கேட்டீர்கள்.

ரோஜர்ஸ் நடத்தத் தொடங்கிய வருஷம், மகள் ஒன்பதாம் வகுப்பு. சிநேகிதியோடு சண்டை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவ என்கிட்ட பேசவே மாட்டேங்குறா."

"அவ பேசலேன்னு உனக்கு வருத்தமா இருக்கு."

"ஆமா, அதான் சொன்னேன்."

"அதைத்தான் சொல்ற."

"அப்பா, ஏன் நான் சொன்னதையே திரும்பச் சொல்றீங்க? உடம்பு சரியில்லையா?"

எனக்கு முன்னாலேயே ஒரு கம்ப்யூட்டர் இதைச் செய்திருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் எலிசா என்று ஒரு நிரல் எழுதினார். ரோஜர்ஸ் பாணி வைத்தியரைப் போல, சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கொடுக்கும். அதற்கு ஒன்றும் புரியாது என்பது எழுதியவருக்குத் தெரியும். அவருடைய செயலாளர் அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அந்த அம்மா அதோடு கொஞ்சம் தட்டச்சு செய்தபின், நீங்கள் அறையை விட்டு வெளியே போகிறீர்களா என்று அவரையே கேட்டாராம். என் மகள் என்னை வெளியே போகச் சொன்னாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

14 ஜூன், இரவு 9.30

காலையில் எழுதியது ரோஜர்ஸுக்கு அநியாயம். கிளிப்பிள்ளை வேலையை அவர் சொல்லவில்லை. தன் முறையை அப்படிச் சுருக்கிவிட்டார்கள் என்று அவரே நொந்துகொண்டவர். சிகாகோவில் இருந்தபோது, மனநிலை மிக மோசமான ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை கொடுக்கப்போய், அவளிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொள்ள முடியாமல் தானே உடைந்து, மனைவியோடு இரண்டு மூன்று மாதம் ஊரைவிட்டே போனார். திரும்பி வந்து, தன்னோடு வேலை பார்த்தவரிடமே ஆலோசனைக்கு உட்கார்ந்தார். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். அப்பேர்ப்பட்டவரே தடுக்கி விழுந்த இடத்தில், நான் நாற்காலி இழுத்துப் போட்ட கையோடு ஜெயித்துவிடப் பார்த்தேன்.

மாஸ்லோவும் தன் தாயின் இறுதிச் சடங்குக்குப் போகாதவர். அன்பைத் தேவைகளில் சேர்த்தவர்தான் அவரும். பழி சொல்ல இதை எழுதவில்லை. தேவை என்று தெரிந்தவனுக்கு அது கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது, அவ்வளவே.

16 ஜூன், மாலை 6.00

உருளைக்கிழங்கு. இதை விட்டுவிட்டேன்.

ரோஜர்ஸ் பண்ணையில் வளர்ந்தவர், கல்லூரியில் சேர்ந்ததே வேளாண்மைக்குத்தான். வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்குப் போட்டுவைத்த உருளைக்கிழங்கு, வெளிச்சமே இல்லாத இடத்தில் வெளிறிப்போன முளை விட்டு, உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலைப் பார்த்து இரண்டு மூன்று அடி வளர்ந்து போகுமாம். செடியாக ஆகவே போவதில்லை, ஆனாலும் முயற்சியை விடாது. பெரிய மனநல மருத்துவமனைகளின் பின்கட்டில் கிடக்கும் மனிதர்களைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கு அந்த முளைதான் ஞாபகம் வரும் என்றார். கோணல்மாணலாக இருக்கலாம், ஆனால் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கோணியிருக்கிறது.

இதை வீட்டில் உருக்கமாகச் சொன்னேன். "முளைச்ச கிழங்கைத் தின்னா வயித்தால போகும், தூக்கிப் போடுங்க" என்று பதில் வந்தது. அறிவியல்படி அதுவும் சரி.

17 ஜூன், இரவு 11.50

கடைசியாக ஒன்று, பிறகு கேள்வி கேட்டவருக்கு வருகிறேன்.

சில வருஷம் முன் பயிற்சி மாணவி ஒருத்தி, படிப்பை விட்டுவிடுகிறேன் என்று சாயங்காலம் என் அறைக்கு வந்தாள். அறிவுரை பகரும் ஆசை நாக்கு நுனி வரை வந்தது. இன்னும் மூணே மாசம் அம்மா, பல்லைக் கடிச்சுக்கோ, இத்யாதி. அடக்கிக்கொண்டேன். அவள் பேசினாள், அழுதாள், அரைமணி நேரம் ஜன்னலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எழுந்து "சரி சார்" என்று போய்விட்டாள். அடுத்த வாரம் படிப்பை விட்டுவிட்டாள்.

என் சக ஆசிரியர் என்னை வறுத்தெடுத்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பாளே என்றார். இருந்திருக்கலாம். நான் அன்றைக்கு உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்தேனா, அல்லது 6.10 பஸ்ஸை நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவளுக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

18 ஜூன், காலை 7.00

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: "ஐயா, எல்லாம் சரி. தேர்வில் எந்த விடையைப் போட?"

முக்கோணத்தைப் போடுங்கள். ஐந்து படி, கீழிருந்து மேல். மார்க் அதற்குத்தான். சில புத்தகங்களில் அறிதல் தேவை, அழகுணர்வுத் தேவை என்று இரண்டைச் செருகி ஏழாக்கியிருப்பார்கள், கேள்வியில் எண் கொடுத்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.